மலிவு பேஸ் கிற்றாருக்கு விலையான பிக்கப்: சில வருடம் வாசித்த பிறகு

என்னிடம் இருப்பது ஃபெண்டர் கம்பனியின் பிரிசிஷன் பேஸ் அமைப்பில் செய்த ஒரு மலிவு பேஸ் கிற்றார். கழுத்து நேராக இருக்கிறது, ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஓரம் கையைக் கீறாது, சுருதியும் நிற்கும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்தான் சப்பை. அதனால் அல்னிக்கோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம் உள்ள ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் போட்டேன். கிற்றாரின் விலையில் பாதிக்குக் கிட்ட வந்தது. கழுத்து வளைந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

பழையதில், தந்திகளுக்குக் கீழே நிற்கும் இரும்புக் குச்சிகளுக்கு அடியில் செராமிக் காந்தப் பாளம் ஒட்டியிருந்தது. மலிவு கிற்றார்களில் இது வழக்கம். புதியதில் குச்சிகளே காந்தம். வீட்டில் தனியே வாசித்தால் வித்தியாசம் கொஞ்சம்தான், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆட்களோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் தெரிகிறது. மட்டக்களப்பில் கல்யாண வீட்டுக்குப் போனால் பைலா கேட்காமல் விடமாட்டார்கள். பறங்கியர் வீடென்றால் கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டும் உண்டு. அந்த 6/8 தாள ஓட்டத்தில் பேஸின் சுரங்கள் குட்டை குட்டையாக விழவேண்டும். முன்பு ஈ தந்தி பெரிய ட்ரம்மோடு கலந்து வெறும் உறுமலாகிவிடும். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கிறது. "அண்ணன், இப்பதான் நீங்க வாசிக்கிறது விளங்குது" என்றான் ட்ரம்ஸ் தம்பி. எனக்கு அது போதும்.

ஆனால் இரைச்சலை நிறுத்தத்தான் பிக்கப் மாற்றப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். பிரிசிஷன் பேஸுக்கு 1957இல் வந்த இரட்டைத் துண்டு பிக்கப்பில், இரண்டு துண்டின் சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். மின்சார இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். மலிவுப் பிரதியிலும் இதே ஏற்பாடுதான். மிச்சமாக வரும் 'கிர்' சத்தத்துக்குப் பெரும்பாலும், பிக்கப்பும் வயர்களும் இருக்கும் உட்குழிக்கு உலோக மறைப்பு இல்லாததுதான் காரணம். தந்தியில் கை வைத்ததும் சத்தம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜீ சுரம் 49. இரைச்சல் இருந்தால் அந்த இடம் எப்படிச் சுத்தமாகக் கேட்கும்?

செப்புத் தகடு டேப்பை உட்குழி முழுக்க ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் சோல்டர் வைத்து, எர்த் வயரோடு இணைத்தேன். பசை மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. டியூப் லைட் நிறைந்த மண்டபத்திலும் இப்போது தொல்லை இல்லை. செலவோ சொற்பம். என்னைக் கேட்டால் முதலில் இது, அப்புறம் புதுத் தந்தி, அதற்கும் பிறகுதான் பிக்கப்.

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்று அல்னிக்கோவையும் விடாது. குச்சிகளின் தலையில் லேசாகத் துரு பிடித்திருக்கிறது. சத்தத்தில் மாற்றம் இல்லை. மாரியில் கரகரத்த பழைய வொல்யூம் பொட்டை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி) கழற்றி, பெரிய 250 கிலோ ஓம் பொட் போட்டேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

வாங்குமுன் பிக்கப் மூடியின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள், எல்லாப் பிரதியும் ஒரே அளவில்லை. பூட்டியபின் தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்த வேண்டாம், சத்தம் முட்டிக்கொண்டு வரும். பழைய பிக்கப்பை எறியாதீர்கள். கிற்றாரை விற்கிற நாளில் அதைத் திரும்பப் பூட்டிவிட்டு, நல்லதை அடுத்த கிற்றாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.