அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின்: செங்கோட்டைச் சரக்கு எப்படி?

செங்கோட்டைப் பட்டறையொன்றில் விற்பனைக்கு நிற்கும் 1489 சிசி இன்ஜின். ‘முழு ரீபில்ட்’ என்கிறார்கள். புது பெயின்ட் அதற்குச் சாட்சி இல்லை.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தமானி) வைத்து, திராட்டிலை முழுக்கத் திறந்து செல்ஃப் அடித்ததில் மூன்று சிலிண்டர் 140 பிஎஸ்ஐக்கு மேல். மூன்றாவது மட்டும் 105. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் முள் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்தால் ஆயில் அடைத்து முள் ஏறியிருக்கும்; ஆக ரிங் அல்ல. டாப்பெட் இடைவெளியும் (வால்வு முழுதாய் மூட விடும் சந்து) சரி. அநேகமாக வால்வுதான் சீட்டில் (அது மூடும் விளிம்பில்) உட்காரவில்லை. ஹெட்டை இறக்கி வால்வை சீட்டில் பேஸ்ட் போட்டுத் தேய்த்து லேப் செய்யவேண்டும்.

பிளக் ஓட்டையில் கேமரா விட்டால் பிஸ்டன் தலையில் +40 முத்திரை, அதாவது சிலிண்டரை ஏற்கெனவே 0.040 அங்குலம் பெரிதாகக் கடைந்தாயிற்று. அடுத்த முறை ரீபோர் (மறுபடி கடைதல்) கிடையாது, அநேகமாக லைனர் (சிலிண்டருக்குள் புது உறை)தான். விலையைக் குறைக்க இது போதும்.

சூடான பிறகும் ஆயில் பிரஷர் ஐடிலில் 20 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 50. பிரஷர் விழாததால் பேரிங் வேலை சுத்தம்.

வாங்கலாம், வால்வு வேலையைப் பட்டறைக்காரர் தலையில் கட்டிவிட்டு. இன்ஜினை வண்டியில் மாட்டி, பக்கத்து ஆரியங்காவு மலை ஏற்றம் ஏறும்வரை கால்வாசிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.