பிராக்ஸ்மாக்ஸ் 8-இலிருந்து 9-க்கு: ஒரு நிர்வாகியின் மதிப்பீடு

மெய்நிகர் சர்வர்களைப் பராமரிப்பவன் என்ற முறையில், மேம்படுத்தலை எளிதாக்கும் மென்பொருளைவிட, அதில் உள்ள ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் மென்பொருளையே நான் மதிக்கிறேன். ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை இயக்க உதவும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் விஈ-யின் 9-ஆம் பதிப்பு, 2025 ஆகஸ்டில் வந்தது, அந்த வகை. டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது.

இதன் சிறப்பு 'பிவிஈ8டு9' (pve8to9) என்ற சோதனை நிரல். முதலில் 8.4-இன் அண்மைப் பதிப்புக்கு வந்துவிட்டு, '--ஃபுல்' (--full) விருப்பத்துடன் அதை இயக்க வேண்டும். அது எதையும் மாற்றாது. எச்சரிக்கைகளை மட்டும் வரிசையாகக் காட்டும். திருத்துவது நம் பொறுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மறுபடி இயக்குங்கள்.

எனக்கு உறுத்துவது நெட்வொர்க் இடைமுகப் பெயர்கள், அதாவது நெட்வொர்க் இணைப்புகளுக்குச் சர்வர் வைத்திருக்கும் பெயர்கள். புதிய கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அவை மாறக்கூடும். மாறினால் சர்வர் தொலைவிலிருந்து எட்டாது. பெயர்களை நிலைநிறுத்தும் கருவியை இப்போது அவர்களே தருகிறார்கள், நல்ல காரியம். ஆனாலும் நேரடிக் கன்சோல் வழி (நெட்வொர்க் அறுந்தாலும் சர்வரின் திரையையும் விசைப்பலகையையும் எட்டும் வழி) இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். இணைய இடைமுகத்தின் கன்சோலில் இருந்து இயக்குவதும் கூடாது, மேம்படுத்தலின் நடுவிலேயே அது அறுந்துவிடும்.

பல சர்வர்கள் இணைந்த கிளஸ்டர் என்றால், ஒரு சமயத்தில் ஒரு நோடை (அதிலுள்ள ஒரு சர்வரை) மட்டும் மேம்படுத்துங்கள். மெய்நிகர் இயந்திரங்களைப் பழைய நோடிலிருந்து புதியதற்கு நகர்த்தலாம். திரும்பி வர முடியும் என்ற உத்தரவாதம் கிடையாது.

ஸ்னாப்ஷாட்டை, அதாவது இயந்திரத்தின் ஒரு கண நிலையின் பதிவை, காப்புப் பிரதியாக எண்ணுவோரைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது. அது அதே வட்டில்தான் இருக்கிறது. வேறோர் இயந்திரத்தில் பிரதி எடுத்து, அதை மீட்டுப் பார்த்தபின் தொடங்குங்கள்.