செப்புத் தாளா, ஹம்பக்கரா, நாய்ஸ் கேட்டா: கிட்டார் இரைச்சலுக்கு எது மருந்து?

எலெக்ட்ரிக் கிட்டாரில் கை படாத நேரத்திலும் ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபையர்) எழும் இரைச்சலைப் போக்குவதற்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. கிட்டாரின் உட்குழிவுகளைச் செப்புத் தாளாலோ மின்கடத்தும் பெயின்டாலோ மூடி ஷீல்டிங் செய்வது ஒன்று. கம்பியதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்அப்பையே இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கராகவோ இரைச்சலைக் குறைக்கும் சிங்கிள் காயிலாகவோ மாற்றிவிடுவது இன்னொன்று. கிட்டாரைத் திறக்காமல், வாசிக்காத நேரத்தில் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் பெடல் ஒன்றைக் கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையில் வைத்துவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் உறுதியான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு முழுப் பலன் தந்த வழி மற்றொருவருக்குக் காசைக் கரைத்ததோடு நின்றுபோவதற்குக் காரணம், இருவர் காதிலும் விழுந்தது ஒரே இரைச்சலாக இல்லாததுதான்.

அடித்தொண்டையில் முனகுவது போலச் சீராக ஒலிக்கும் ரீங்காரம் காந்தப்புலத்தால் வருவது. மின்வழங்கலின் அதிர்வெண் நாட்டுக்கு ஏற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸாக இருக்கும்; டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் போன்றவற்றைச் சுற்றி அதே அதிர்வெண்ணில் துடிக்கும் காந்தப்புலத்தை, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட பிக்அப் காயில் கம்பியதிர்வைப் பிடிப்பது போலவே பிடித்துக்கொள்கிறது. கூர்மையாகக் காதைக் கீறும் கரகரப்பு வேறு வகை. டிம்மர் சுவிட்ச், குழல்விளக்கு, மலிவான சார்ஜர் ஆகியவற்றின் மின்புலம், மூடப்படாத ஒயர்களிலும் வாசிப்பவரின் உடலிலும் தொற்றி உள்ளே நுழைகிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கடைக்குப் போவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமல் பிடுங்கச் சொல்வதற்குச் சமம்.

பிரித்தறிவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழை முழுவதும் குறைக்க வேண்டும். அப்போதும் இரைச்சல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் குற்றம் கிட்டாரில் இல்லை. கேபிள், பெடல், ஆம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குறைந்துவிட்டால், வால்யூமைத் திரும்ப ஏற்றிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பார்க்கலாம். ஏதோ ஒரு கோணத்தில் முனகல் ஏறக்குறைய மறைந்து, மேலும் திரும்பினால் மீண்டும் எழுந்தால் அது காந்தப்புலத்தின் வேலை. பிறகு கம்பிகளைத் தொட வேண்டும். தொட்டதும் கரகரப்பு குறைவது இயல்பு. உடல் பிடித்துவரும் மின்புலம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் எர்த் ஒயர் வழியாக வடிந்துவிடுகிறது. தொட்டும் மாற்றமே இல்லையென்றால் அந்த ஒயர் அறுந்திருக்கலாம் (பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்அப் கொண்ட கிட்டார்களில் அந்த ஒயரே இல்லாமல் இருப்பதும் உண்டு). தொட்டதும் கூடினால், கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறிச் சால்டர் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு கோளாறுகளுக்கும் எதையும் வாங்க வேண்டியதில்லை; சால்டரிங் அயர்ன் போதும்.

கரகரப்புதான் முதன்மை என்று தெரிந்தால் ஷீல்டிங்கை மிஞ்சிய வழி இல்லை. செப்புத் தாளா, பெயின்டா என்பதில் நான் தாளின் பக்கம். தாளின் மீது நேரடியாகச் சால்டர் வைக்கலாம், எர்த் ஒயரை அங்கேயே இணைக்கலாம், மல்டிமீட்டரில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஏறத்தாழ 0 ஓம் காட்டும். ஆனால், பசை மின்கடத்தாத வகையாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய துண்டுகள் பார்வைக்கு இணைந்தும் மின்சாரத்துக்குப் பிரிந்தும் நிற்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு சொட்டுச் சால்டர் வைத்துவிடுவது நல்லது. வளைவும் நெளிவும் நிறைந்த குழிவில் தாளை மடித்து ஒட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதால், அங்கே பெயின்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை இரண்டு மூன்று பூச்சாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் பூச வேண்டும். சால்டர் பிடிக்காது என்பதால் சிறு திருகாணியும் வாஷரும் வைத்தே எர்த்துடன் இணைக்க முடியும். மின்தடை செப்பைவிடக் கூடுதலாக இருந்தாலும், மின்புலத்தைத் தடுப்பதற்கு அது போதும். எதைத் தேர்ந்தாலும் குழிவின் மூடியின் உட்புறத்திலும் அதையே போட்டு, அது குழிவின் உறையோடு தொடுமாறு செய்யாவிட்டால், கதவில்லாத அறைக்குப் பூட்டு வாங்கிய கதையாகிவிடும்.

நான் முதல் முறை செப்புத் தாள் ஒட்டிய கிட்டாரில் இரைச்சல் அறவே நின்றுபோனது. இசையும் சேர்ந்து நின்றுபோனது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எங்கும் ஷார்ட் இல்லை. கேபிளைச் செருகினால் மட்டும் மௌனம். பிளக் உள்ளே நுழையும்போது ஜாக்கின் வளைந்த தகடு அரை விரற்கடை வெளியே தள்ளப்பட்டு, அருகிலிருந்த தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியதும் ஒலி வந்தது. அன்றுமுதல், பிளக்கைச் செருகிய நிலையிலும் ஒருமுறை சோதிக்காமல் நான் மூடியைத் திருகுவதில்லை.

ஷீல்டிங்கின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செப்புக்குள் கணிசமாக வலுவிழக்க ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கனம் தேவை. நாம் ஒட்டும் தாளோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே சிங்கிள் காயிலின் முனகலைத் தாள் நிறுத்தும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவது உறுதி.

முனகலுக்கு மருந்து காயிலிலேயே இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில், இரண்டு காயில்கள் எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் தருமாறு இணைக்கப்பட்டு, காந்த முனைகளும் தலைகீழாக வைக்கப்படுகின்றன. வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்க, கம்பியின் அதிர்வு மட்டும் கூடி வருகிறது. இதற்குக் கொடுக்கும் விலை ஓசையின் குணம்: ஹம்பக்கர் கம்பியின் அகலமான பகுதியைக் கேட்பதாலும் அதன் மின்தூண்டல் (இண்டக்டன்ஸ்) கூடுதல் என்பதாலும், சிங்கிள் காயிலின் கண்ணாடித் தெறிப்பு போன்ற மேல் சுரங்கள் மழுங்குகின்றன. அதை ஈடுசெய்யவே வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் மாறு மின்தடையை 250 கிலோஓமுக்குப் பதில் 500 கிலோஓமாகப் போடுவது வழக்கம். அகலமான ஹம்பக்கருக்கு இடம் தர மரத்தைக் குடையவும் நேரிடலாம்.

இரைச்சலைக் குறைக்கும் சிங்கிள் காயில்களில், காயில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வகை, பழைய துளையிலேயே பொருந்திவிடும். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் விளைவு) போட்டு வாசிப்பவருக்கு அதன் ஓசை வேறுபாடு அனேகமாகத் தெரியாது. சுத்தமான ஒலியில் மென்மையாக வாசிப்பவர் அதை விரைவிலேயே உணர்ந்துவிடுவார். மூன்று சிங்கிள் காயில் கொண்ட கிட்டாரில் நடு பிக்அப்பை மட்டும் எதிர்ச்சுற்றும் எதிர்முனையும் கொண்டதாக மாற்றுவதுதான் என் கணக்கில் மிகச் சிக்கனமான வழி. நடு பிக்அப் இன்னொன்றோடு சேர்ந்து ஒலிக்கும், ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் முனகல் அடங்கும். தனி பிக்அப் நிலைகளில் பழைய ஓசையும் பழைய முனகலும் அப்படியே இருக்கும். பல கிட்டார்கள் இந்த ஏற்பாட்டோடே வருவதால், வாங்குவதற்கு முன் அந்த இரண்டு நிலைகளையும் காது கொடுத்துக் கேட்டுவிடுவது நல்லது. எந்த மின்சாரம் கிடைக்கும் என்றே தெரியாத மேடைகளில் அடிக்கடி வாசிப்பவருக்கு மட்டும், தயங்காமல் ஹம்பக்கரைச் சொல்வேன்.

நாய்ஸ் கேட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கியதும் அது வாயிலை மூடுகிறது. சுரம் ஒலிக்கும்போது வாயில் திறந்திருப்பதால் இரைச்சலும் கூடவே வந்துகொண்டிருக்கும். அளவைக் கூட்டி வைத்தால் நீளமாக நிற்க வேண்டிய சுரத்தின் வால் அறுபடும். ஆனால் ஆம்பில் கெயினை (ஒலிப்பெருக்க அளவை) ஏற்றும்போது வரும் ‘உஸ்’ என்ற சீறல், மேலே சொன்ன இரண்டு வகையிலும் சேராதது. அதற்குத் தாளும் பயன்படாது, ஹம்பக்கரும் பயன்படாது. கனமான டிஸ்டார்ஷனில் சட்டென நிறுத்தி நிறுத்தி வாசிப்பவருக்குக் கேட் அவசியமாவது இதனால்தான்.

வால்யூமைக் குறைத்தும் இரைச்சல் தொடர்ந்தவர்கள் முதலில் பெடல்களின் மின்வழங்கலைப் பார்க்கட்டும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாகப் பல பெடல்களுக்கு 9 வோல்ட் கொடுக்கும்போது, டிஜிட்டல் பெடலின் கீச்சொலி மற்றவற்றுக்குள் கசிவது சாதாரணம். சந்தேகப்படும் பெடலைச் சிறிது நேரம் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால், தனித்தனி வெளியீடுகள் கொண்ட மின்வழங்கிக்குச் செலவிடலாமா என்பது தெரிந்துவிடும். இரண்டு ஆம்ப்களை ஒன்றாக இணைத்ததும் முனகல் தொடங்கினால் அது எர்த் லூப், அதாவது இரண்டு வழிகளில் எர்த் இணைந்து உருவாகும் வளையம். இரண்டையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து ஓட்டிப் பார்த்து, அடங்காவிட்டால் இடையில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட பெட்டியை வைக்க வேண்டும். பிளக்கின் எர்த் முனையை வெட்டி எறிந்தாலும் அந்த முனகல் நிற்கத்தான் செய்யும். ஆனால் ஆம்பில் ஏதேனும் பழுது நேர்ந்தால், விரல்களுக்கு அடியில் இருக்கும் கிட்டார் கம்பிகளிலேயே மின்சாரம் நேராக ஏறி நிற்கும்.