ஐரோப்பாவில் தொழில் பெயரில் ஆன்லைன் சந்தா: சில ஆண்டு பில்களைப் பார்த்த பிறகு

டிசைன் மென்பொருள், கிளவுட் சேமிப்பு, எழுத்துரு நூலகம், வீடியோ கால் என்று ஜெர்மனியில் இருக்கும் என் சிறு ஸ்டுடியோவுக்கு மாதாமாதம் போகும் சந்தாக்கள் கொஞ்சநஞ்சமல்ல. எது வேகம், எது அழகு என்ற ஒப்பீடு வேண்டிய அளவு கிடைக்கிறது. நான் சொல்ல வருவது பில் பக்கத்தைப் பற்றி. இப்போதெல்லாம் ஒரு சேவையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதில், அதன் வசதிகளுக்குச் சமமாக அதன் இன்வாய்ஸையும் பார்க்கிறேன்.

ஒழுங்காக நடந்தால் விஷயம் எளிது. அயர்லாந்தில் பதிவான நிறுவனத்திடம் 100 யூரோவுக்குச் சந்தா எடுக்கிறேன், என் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணைக் கொடுக்கிறேன். தொழில் செய்பவருக்கு விற்கும் சேவைக்கு வாங்குபவரின் நாட்டில்தான் வரி என்பதால் அவர்கள் வாட் போடுவதில்லை. இன்வாய்ஸில் 100 யூரோ, கீழே ‘ரிவர்ஸ் சார்ஜ்’, அதாவது வரி வாங்குபவரின் பொறுப்பு, என்று ஒரு குறிப்பு, இரு தரப்பின் வாட் எண்கள். வரியை நானே காட்ட வேண்டும்: ஜெர்மன் வரித்துறையின் இணையதளமான எல்ஸ்டரில் உள்ள வாட் படிவத்தில் 46ஆம் எண்ணில் 100, 47இல் 19 யூரோ வரி, 67இல் அதே 19 உள்ளீட்டு வரியாக (தொழிலுக்கு வாங்கியதன் மீதான வரியாக) கழிவு. கையை விட்டுக் காசு போவதில்லை. அமெரிக்க நிறுவனம் நேரடியாக பில் அனுப்பினால் 46, 47க்குப் பதில் 84, 85. ‘வாட் இல்லாத பில்தானே’ என்று படிவத்தில் காட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. ஆடிட்டில் முதலில் மாட்டுவது அதுதான்.

வாட் எண் கொடுக்காவிட்டால் கதை வேறு. எண் வந்து சேரும்வரை வாங்குபவரைச் சாதாரண நுகர்வோராக நடத்த விற்பவருக்கு ஐரோப்பியச் சட்டமே அனுமதி தருகிறது. 2015 முதல் நுகர்வோருக்கு அவரவர் நாட்டு விகிதம்: லக்சம்பர்க்கில் 17 சதவீதம், ஹங்கேரியில் 27, ஜெர்மனியில் 19. ஆகவே என் பில்லில் 119 யூரோ என்று வரும், ‘ஜெர்மன் வாட் 19 சதவீதம்’ என்று தெளிவாகவே எழுதியிருக்கும். பார்த்தால் உள்ளூர்க் கடை பில் மாதிரி இருக்கும். கழித்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியாது. சட்டப்படி செலுத்த வேண்டிய வரியை மட்டுமே கழிக்கலாம். இங்கே வரி செலுத்த வேண்டியவர் வாங்கியவர், விற்றவர் அல்ல. அந்த 19 யூரோவை விற்றவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும், திருத்திய இன்வாய்ஸோடு.

அந்தத் திருத்தத்தில்தான் நிறுவனங்களின் குணம் தெரியும். ஒரு சேவையில் அக்கவுண்ட் பக்கத்தில் எண்ணைச் சேர்த்ததும் பழைய பில் ரத்தாகிப் புதியது வந்தது, வித்தியாசம் கார்டுக்குத் திரும்பியது. மாறாக, என்னிடம் வெகுநாள் இருந்த ஒரு வீடியோ கருவியில் ‘பழைய இன்வாய்ஸ்களை மாற்ற இயலாது, அடுத்த புதுப்பிப்பிலிருந்து பொருந்தும்’ என்ற ஒரே பதிலை ஆள் மாற்றி ஆள் அனுப்பினார்கள். அது ஆண்டுச் சந்தா. கருவி நன்றாகத்தான் இருந்தது, புதுப்பிக்கவில்லை.

எண்ணை நிரப்பும் கட்டமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் பணம் கட்டும் பக்கத்திலேயே இருக்கும். சிலவற்றில் பணம் போன பிறகுதான் செட்டிங்ஸில் தென்படும். கொடுத்த எண்ணை ஐரோப்பிய ஆணையத்தின் வி.ஐ.இ.எஸ் தளத்தில் சரிபார்ப்பார்கள். அந்தந்த நாட்டுத் தரவுத்தளம் படுத்துவிட்டால் சரியான எண்ணும் தேறாது. சற்று நேரம் கழித்து மறுபடி போட்டால் போதும். ஜெர்மன் எண்ணுக்கு அந்தத் தளம் ‘செல்லும்’ என்று மட்டும் சொல்லும், பெயர், முகவரி காட்டாது. பெயர் பொருந்தவில்லை என்று ஒரு நிறுவனம் என்னை நிறுத்திவைத்தது இதனால்தான். ஸ்பெயினில் தனித்தொழில் செய்யும் நண்பருக்கு வேறு சிக்கல்: உள்நாட்டு வரி எண் மட்டும் போதாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வணிகம் செய்வோருக்கான தனிப் பதிவேட்டில் சேர்ந்தால்தான் வி.ஐ.இ.எஸ் தளத்தில் எண் தெரியும்.

கைப்பேசியின் ஆப் ஸ்டோர் வழியாகத் தொழில் சந்தா எடுப்பதை நான் விட்டுவிட்டேன். அங்கே விற்பவர் பொதுவாக ஸ்டோர்தான். நான் எடுத்த சந்தாக்களில் வாட் எண் கேட்கவே இல்லை. அதே சேவையை அந்தந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் எடுத்தால் கேட்கிறார்கள்.

ஜெர்மனியில் க்ளைன்உண்டர்நேமராக, அதாவது முந்தைய ஆண்டு விற்பனை 25,000 யூரோவைத் தாண்டாமல் வாட் வசூலிக்காத சிறு தொழிலாக இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கில் பாதிதான் பொருந்தும். ரிவர்ஸ் சார்ஜ் வரி அவர்களுக்கும் உண்டு, உள்ளீட்டுக் கழிவு கிடையாது. 100 யூரோ சந்தா உண்மையில் 119. இதற்காகவே படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். விளம்பரத்தில் காட்டும் ‘வாட் நீங்கலாக’ விலையை வைத்து பட்ஜெட் போட்டால் துண்டு விழும்.

புதிய சேவை எதுவானாலும் ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடிக்கு நான் உடனே மயங்குவதில்லை. முதலில் ஒரு மாதம் எடுப்பேன். பில் வந்ததும் என் வாட் எண் இருக்கிறதா, ரிவர்ஸ் சார்ஜ் குறிப்பு இருக்கிறதா, விற்றவர் பெயராக இருப்பது எந்த நாட்டு நிறுவனம் என்று பார்ப்பேன். மூன்றும் சரியாக இருந்தால் ஆண்டுக்கு மாற்றிக்கொள்வேன்.