முன் சீற்றும் பின் சீற்றும்: யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை டான்டம்

யாழ்ப்பாண நகரில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் இடங்கள் இப்போது பல உள்ளன. நல்லூர்ப் பக்கத்தில் இருக்கும் அத்தகைய கடையொன்றில், தனிச் சைக்கிள்களின் வரிசைக்குப் பின்னால், இரண்டு சீற்றும் இரண்டு சோடிப் பெடலும் கொண்ட டான்டம் சைக்கிளொன்று நிற்கிறது. நானும் கணவரும் அதனைப் பல தடவை எடுத்து ஓடியிருக்கிறோம். கடையைவிடச் சைக்கிளைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன். வாடகை, தனிச் சைக்கிள் இரண்டை எடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலானது. ஈடாக அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பண்ணைப் பாலம் கடந்து தீவுப் பக்கம் போவதற்கென்றால் அந்தக் காசு தகும். நகருக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருவதற்கென்றால் வீண் செலவு என்றே சொல்வேன்.

ஒரு சைக்கிளில் இருவர் போவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதினமான விடயமன்று. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாமற் போனபோது, பாரில் ஒருவரும் கரியரில் ஒருவரும் இருக்க, முன்னால் மரக்கறிப் பையும் தொங்க, குடும்பங்கள் முழுவதும் சைக்கிளிலேயே இடம் மாறின. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும், மூலையில் கிடந்த பழைய ஹம்பர், லுமாலா சைக்கிள்கள் தூசு தட்டப்பட்டு வீதிக்கு வந்தன. ஆனால் நாம் பழகிய ‘டபிள்’ பயணத்தில் ஒருவர் உழக்குவார்; மற்றவர் பாரமாக இருப்பார். கரியரில் இருப்பவர் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழு வழியும் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். எதிர்க்காற்றில் உழக்குபவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. டான்டத்தில் அந்தப் பாரம் ஒரு சோடிக் காலாக மாறிவிடுகிறது. எங்கள் வீட்டில் இவர் என்னைவிட வேகமாக ஓடுபவர். இரண்டு தனிச் சைக்கிள்களில் புறப்பட்டால், சந்திக்குச் சந்தி நின்று எனக்காகக் காத்திருப்பார்; நான் போய்ச் சேர்ந்ததும் மூச்சுவிட நேரம் தராமல் மீண்டும் புறப்பட்டுவிடுவார். பலம் ஒத்துவராத சோடிகளுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருக்கும். டான்டத்தில் காத்திருப்பவரும் இல்லை, பின்தங்குபவரும் இல்லை. அவர் கூடுதலாகவும் நான் குறைவாகவும் உழக்கினாலும் இருவரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்கிறோம். என்னைப் பொறுத்தவரை, கூடுதல் வாடகை கொடுப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதன் அமைப்பு இலகுவானது. முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கும் செயின் இடப்பக்கத்தில் ஓடுகிறது. பின் பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழக்கமான செயின் வலப்பக்கத்தில் உள்ளது. இரு சோடிப் பெடல்களும் பூட்டப்பட்டவை போல ஒன்றாகவே சுற்றும். ஒருவர் களைத்துக் காலை நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும். ஒருவர் வேகத்தைக் கூட்டினால் மற்றவருடைய கால்களும் இழுபட்டுச் சுற்றும். ஹாண்டில், பிறேக், கியர் ஆகிய மூன்றும் முன்னால் இருப்பவர் கையில் உள்ளன. பின் சீற்றுக்கு முன்னாலும் ஒரு ஹாண்டில் இருக்கிறது; ஆனால் அது பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே, திரும்பாது. சாதாரணச் சைக்கிளில் வலக்காலில் மட்டும் படும் செயின் எண்ணெய் இதில் பின்னால் இருப்பவருடைய இரண்டு கால்களிலும் படும். கடைச் சைக்கிளில் வலப்பக்கச் செயினுக்குத்தான் மூடி இருக்கிறது. இடப்பக்கச் செயின் திறந்தபடி ஓடுகிறது. சாறியுடன் ஏறுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சுரிதார் அணிபவர்கள் துப்பட்டாவை முடிந்து கட்டிக்கொள்வது நல்லது, அல்லது வீட்டிலேயே விட்டுவரலாம்.

ஏறிப் புறப்படுவதுதான் புதியவர்களை வெருட்டும் கட்டம். முன்னால் இருப்பவர் சைக்கிளைக் கால்களுக்கிடையில் நிறுத்தி, இரு பாதங்களையும் நிலத்தில் அகல ஊன்றி, பிறேக்கை இறுகப் பிடித்திருக்க வேண்டும். அதன் பிறகு பின்னால் இருப்பவர் ஏறி, சீற்றில் அமர்ந்து, இரண்டு கால்களையும் பெடலில் வைத்துவிடுகிறார். புறப்படுவதற்கு வசதியாகப் பெடலைச் சுற்றி மேலே கொண்டுவருவதும் பின்னால் இருப்பவருடைய வேலையே. “ஒண்டு, ரெண்டு” என்று எண்ணி இருவரும் ஒன்றாக மிதித்தால் சைக்கிள் நேராகக் கிளம்பிவிடும். பின்னால் இருப்பவர் உதவுகிறேன் என்று ஒரு காலை நிலத்தில் ஊன்றினால்தான் சைக்கிள் சரியும். “காலை எடும், நான் பிடிச்சிருக்கிறன்” என்று இவர் சொல்லும்போது, சரியும் சைக்கிளில் காலைத் தூக்கி வைத்திருக்கும் துணிவு எனக்கு உடனே வந்துவிடவில்லை. பாரம் கூடியவர் முன்னால் இருப்பது நல்லது என்று சொல்லப்படுவதற்கும் காரணம் இதுவே. நான் முன் சீற்றில் இருந்தும் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது சிரமம் இல்லை; ஆனால் நிற்கும்போது பின்னாலிருக்கும் பாரம் முழுவதையும் என் இரண்டு கால்களும் தாங்க வேண்டியிருந்தது.

பின் சீற்றில் இருப்பவருக்கு முன்வீதி தெரியாது. தெரிவது ஒரு முதுகு மட்டுமே. ஆகவே முன்னால் இருப்பவர் பேசிக்கொண்டே ஓடவேண்டும். பள்ளம், வேகத்தடை, பிறேக், கியர் மாற்றம், உழக்குவதை நிறுத்துதல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு நொடி முன்னரே சொல்லிவிட வேண்டும். முன்னால் இருப்பவர் பள்ளத்தைக் கண்டதும் சீற்றிலிருந்து சற்று எழும்பிவிடுவார். பின்னால் இருப்பவர் ஒன்றும் அறியாமல் இருக்க, பின் சக்கரம் ஏறக்குறைய அவருக்கு நேர் கீழே அந்தப் பள்ளத்தில் இறங்கும். “இஞ்சாருங்கோ, பள்ளம் வந்தால் முதலே சொல்லுங்கோவன்” என்பது எங்கள் பயணங்களில் அதிகம் ஒலித்த வசனம். கதை பேசாத மனிதர்கள் சேர்ந்து ஓடுவதற்கு உகந்த வாகனமன்று இது. அதற்கு ஈடாகப் பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கும் சுதந்திரமும் பெரிது. வாகனங்களைக் கவனிக்கத் தேவையில்லை, கைகளை எடுத்துத் தண்ணீர் குடிக்கலாம், படம் பிடிக்கலாம். பண்ணைக் கடலில் மீன் பிடிப்பதற்காக நட்டிருக்கும் களங்கட்டித் தடிகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்வதை, சைக்கிள் ஓடிக்கொண்டே இவ்வளவு ஆறுதலாக நான் முன்னர் பார்த்ததில்லை.

டான்டத்தின் உண்மையான குணத்தை அந்தப் பாலத்தில்தான் அறியலாம். சமதரையில் சைக்கிளோட்டியின் பலத்தில் பெரும்பகுதியைத் தின்பது காற்று. டான்டத்தில் காற்றை முகங்கொடுப்பவர் ஒருவர், அவருடைய மறைவில் மற்றவர். ஆனால் உழக்குவது நான்கு கால்கள். ஆகவே மேடு ஏறும்போது பாரத்தால் பின்தங்கும் இந்தச் சைக்கிள், சமதரையில் தனிச் சைக்கிளை இலகுவாக முந்திவிடும். மலையே இல்லாத குடாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் வேறில்லை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் மண்டைதீவுப் பக்கம் தனிச் சைக்கிளில் போவது எவ்வளவு அலுப்பானது என்பது தெரிந்தவர்கள், அதே காற்றில் டான்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அலுப்பு இல்லாமற் போகாது, பாதியாகிவிடும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ள, பிறேக்கில் விரல் வைத்தபடியே வரவேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: பாலத்தில் காற்றுப் பக்கவாட்டில் அடித்தால், அல்லது பேருந்தொன்று உரசுவது போலக் கடந்தால், நீளமான இந்தச் சைக்கிள் இலேசாக அலைபாயும். அவ்வேளையில் பின்னால் இருப்பவர் உடம்பை அசைக்காமல் இருப்பதே பெரிய உதவி.

நகருக்குள் இதே சைக்கிள் வேறொரு பிராணியாகிவிடுகிறது. ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நீளமும் 20 கிலோவுக்கு மேல் பாரமும் கொண்ட ஒன்றைக் கஸ்தூரியார் வீதியின் முச்சக்கரவண்டிகளுக்கிடையில் நுழைப்பது இயலாத காரியம். ஆஸ்பத்திரி வீதியில் நின்று நின்று புறப்படும்போது, மேலே சொன்ன “ஒண்டு, ரெண்டு” சடங்கு ஒவ்வொரு தரிப்பிலும் நடந்தாக வேண்டும். ஒழுங்கைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இருபுறமும் வேலி அடைத்த ஒழுங்கையின் முடக்கில் ஒரே வீச்சில் திரும்ப முடியாது. இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி வைத்துத்தான் திருப்பவேண்டும்.

கோப்பாயில் வசிக்கும் என் பெரியப்பாவையும் பின் சீற்றில் இருத்திப் பார்த்தோம். நீரிழிவினால் பார்வை மங்கிய பிறகு அவர் சைக்கிளைத் தொடவில்லை. அதற்கு முன்னர் சைக்கிளைத் தவிர வேறு வாகனத்தில் ஏறாத மனிதர். பின்னால் இருப்பவருக்குக் கண் தேவையில்லை என்பதுதான் டான்டத்தின் தனிச்சிறப்பு. பராலிம்பிக் சைக்கிளோட்டப் போட்டிகளிலும் பார்வைக் குறைபாடுடையவர்கள், பார்வையுள்ள ஒருவர் முன்னால் இருக்க, டான்டத்திலேயே போட்டியிடுகிறார்கள். பெரியப்பாவை ஏற்றுவதுதான் கடினமாக இருந்தது. பின் சீற்றுக்கு முன்னால் இருக்கும் பாரைத் தாண்டிக் காலைப் போட அவரால் முடியவில்லை. சைக்கிளை ஒரு மதகுக் கட்டோடு சாய்த்து, அந்தக் கட்டின் மேல் அவரை ஏற்றி, அங்கிருந்து இருத்தினோம். நீர்வேலி வாழைத்தோட்டங்களின் பக்கமாக ஓடத் தொடங்கியதும் முன்னால் இருந்த கணவருக்குப் பெரியப்பா உழக்குவது போதாமல் இருக்கும் என்று நினைத்தேன், நடந்தது எதிர்மாறு. “தம்பி, காலை இழுக்கிறியள், ஒரே சீராய் உழக்குங்கோ” என்று பின் சீற்றிலிருந்து பாடம் நடந்தது. முதியவர்களுக்காக இதனை எடுப்பவர்கள், பின்பக்கப் பார் தாழ்ந்த மாதிரி கடையில் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் எடுத்தது அப்படியானதன்று.

இனிக் குறைகள். முதற்குறை ரயர்க் காற்று. இருவருடைய பாரமும் இரண்டே ரயர்களில் இறங்குவதால் தனிச் சைக்கிளுக்குப் போதுமான காற்று இதற்குப் போதாது. கடையில் எல்லாச் சைக்கிளுக்கும் ஒரே அளவாகவே அடித்து வைத்திருக்கிறார்கள். பின் ரயரை விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கினால் அங்கேயே அடிப்பித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இடப்பக்கச் செயின். அது தொய்ந்திருந்தால் பல் தாவி, முன் பெடலும் பின் பெடலும் ஒத்துச் சுற்றாமற் போகும். சில வேளை கழன்றும் விழும். வேலணைக்குக் கிட்ட எங்களுக்குக் கழன்றது. கையால் ஏற்றிவிடலாம் என்றாலும், பெடல்கள் இரண்டும் ஒரே நிலையில் இருக்கும்படி பார்த்து மாட்டவேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னதற்கு, “அது அப்பிடித்தான் அக்கா, பழகிடும்” என்றார் கடையில் நின்ற பொடியன். அது பழகும் விடயமன்று, முன் பெடல் அச்சில் இறுக்கிச் சரிசெய்யும் விடயம். மூன்றாவது, பின் சீற். முன் சீற்றுக்குச் சுருள் கம்பி வைத்த அகலமான இருக்கை போட்டுவிட்டு, அதிர்ச்சி முழுவதையும் வாங்கும் பின் சீற்றுக்கு ஒடுங்கிய, கல்லுப் போன்ற ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பின்னால் இருந்து ஒருநாளும் ஓடியிருக்கமாட்டார்.

பிறேக்கைக் குறை சொல்ல முடியாது. நீண்ட இறக்கங்களில் ரிம் சூடாகும் என்ற கவலை மலைநாட்டாருக்கு உரியது, நமக்கில்லை.

தூரப் பயணத்துக்குக் கிளம்புபவர்கள் மேலதிக ரியூபும் பம்பும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். சைக்கிள் ஒட்டும் கடைகள் சந்திக்குச் சந்தி இருக்கும் ஊர்தான் இது. ஆனால் பாலங்களில் கடைகள் இல்லை. தனிச் சைக்கிள் பழுதானால் முச்சக்கரவண்டியில் திணித்தாவது கொண்டுவந்துவிடலாம். டான்டத்துக்கு அந்த வழியும் இல்லை. ‘பட்டா’ எனப்படும் சிறு லொறி ஒன்றைப் பிடிக்கவேண்டும், அதற்குக் கொடுக்கும் கூலி சைக்கிள் வாடகையைத் தாண்டிவிடும். குறிகட்டுவான் வரை ஓடி அங்கிருந்து நயினாதீவுக்குப் படகேறுபவர்கள், பூட்டும் சங்கிலியும் கொண்டுபோய்ச் சைக்கிளை இறங்குதுறைப் பக்கம் விட்டுவிட்டுப் போவதே வசதி.

சொந்தமாக ஒன்று வாங்குவோமா என்று இவர் கேட்டார். பின்பக்கத்துக்குத் தேவையான நீளமான பிறேக் வயர், இடப்பக்கச் செயின், கூடுதல் கம்பிகள் கொண்ட சக்கரம் ஆகியவற்றை நாங்கள் விசாரித்த சைக்கிள் கடைகளில் எடுக்க முடியவில்லை. வீட்டிலும் அதை நிறுத்த விறாந்தை போதாது. ஆகவே வாடகைக்கு எடுப்பதே எங்களுக்குச் சரி. அடுத்த முறை நான் வீட்டுச் சைக்கிளின் சீற்றைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் பூட்டித் தரும்படி கேட்கப்போகிறேன். நட்டு ஒன்றுதான், கடைக்காரர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.