‘நம்ம ஊர்க்காரர்’ என்று நம்பி கான்டெஸாவைக் கொடுத்தேன்

பழைய காருக்கு சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் மூன்றையும் சேர்த்து மாற்றித் தருகிறேன் என்று பெங்களூரில் யாராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். எந்த ஏரியா என்றும் கேட்காதீர்கள்.

வண்டி அப்பாவுடையது. 1997 கான்டெஸா கிளாசிக், 1.8 லிட்டர் இசுசூ எஞ்சின். அல்சூரிலிருந்து வருஷம் தவறாமல் திருவண்ணாமலை தீபத்துக்கு எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போன வண்டி. நீளமான பானெட்டைப் பார்த்து இதை ‘இந்தியாவின் மசில் கார்’ என்பார்கள். மசில் கார் என்றால் பெரிய எஞ்சின் போட்ட அசுர வேக அமெரிக்கக் கார், அமெரிக்கக்காரன் கேட்டால் சிரிப்பான். பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் உடம்பை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்த கார் இது, அவ்வளவுதான். ஆனாலும் எம்.ஜி. ரோடு சிக்னலில் நின்றால் பக்கத்து பைக்காரர் ஹெல்மெட்டைத் தூக்கி “எந்த வருஷம் சார்?” என்று கேட்பார். அந்த மயக்கம் பொல்லாதது.

ஸ்டியரிங் கனம், ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் தொட்டில் ஆட்டம், பிரேக் மிதித்தால் யோசித்துவிட்டு நிற்கும். இது மூன்றும்தான் குறை. போன வருஷம் ஒரு நண்பர் மூலமாக அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலாளி என் பேச்சைக் கேட்டதுமே, “சார் எந்தப் பக்கம்? வேலூரா? அட, நம்ம ஊர்க்காரரு!” என்று டீ வரவழைத்தார். கன்னடத்திலும் தக்கனி உருதுவிலும் தட்டுத்தடுமாறி மெக்கானிக்குகளிடம் பேசிப் பேசிச் சலித்திருந்த எனக்கு, பால் ஜாயின்ட்டைப் பற்றித் தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. பாதி விவரம் கேட்காமல் விட்டதற்கு அதுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

போனில் அமெரிக்காவில் ஒரு 1960-களின் ஃபோர்டு மஸ்டாங் காருக்கு வேலை செய்யும் படத்தைக் காட்டினார். முன்னால் புது சஸ்பென்ஷன் ஆர்ம், புது ஸ்டியரிங் ரேக், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். “அதே வேலைதான் சார், நம்ம வண்டிக்கும் பண்ணிடலாம்.” அங்கே ஒரு வசதி உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தக் காலத்து மஸ்டாங்குகள் பலவும் நாலு பக்கமும் பழைய பாணி டிரம் பிரேக்கோடு வந்தவை. அவற்றை மாற்றுவதற்கென்றே டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், வால்வு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே பெட்டியில் விற்கிறார்கள். கான்டெஸாவுக்கு அப்படி ஒரு பெட்டியை நான் கண்டதில்லை. ஒவ்வொரு சாமானும் வேறொரு வண்டியிலிருந்து வரும். எது எதோடு சேரும் என்ற கணக்கு முழுக்க மெக்கானிக் தலைக்குள் இருக்க வேண்டும்.

மொத்தம் 1,86,000 பேசி, 1,20,000 அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்று வாரம் என்றார், பதினோரு வாரம் ஆனது. பில் என்று கையில் தந்தது ஒரு வெள்ளைத் தாள். ‘ஃபுல் அப்கிரேட்’ என்று ஒரே வரி, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. “பழைய சாமானெல்லாம் எங்க?” என்றேன். “குஜரிக்குப் போட்டாச்சு சார், வெச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றார். சிவாஜிநகர் பழைய சாமான் மார்க்கெட்டைத்தான் சொல்கிறார். கான்டெஸாவின் ஒரிஜினல் சாமான் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும், இது தலையில் இடி விழுந்த மாதிரி.

வண்டி பார்க்க ஜோராகத்தான் இருந்தது. இரண்டு அங்குலம் தாழ்ந்து, சிவப்பு பெயின்ட் அடித்த காலிப்பரோடு. ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். வீதியைத் தாண்டும் முன்பே மனசு கொஞ்சம் உறுத்தியது; பிரேக் பெடல் சுவரை மிதிப்பது போல் இருந்தது. போன் பண்ணினேன். “புது பேட் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்.”

அடுத்த ஞாயிறு விடியற்காலை கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன். ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 80-ல் போகும்போது ஸ்டியரிங் காற்றில் மிதந்தது. சாலையில் சின்ன அலை வந்தாலும் நான் திருப்பாமலே மூக்கு ஒரு பக்கம் போனது. அத்திப்பள்ளி நெருங்கும்போது கருகல் நாற்றம். முன்னால் ஒரு லாரி வேகம் குறைக்க, நானும் மிதித்தேன். கல்லாக இருந்த பெடல் இந்த முறை பஞ்சாக உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். லீவர் காலியாக மேலே வந்தது. லாரிக்கும் எனக்கும் ஒரு ஆள் நிற்கும் இடைவெளியில் வண்டி மண் ஓரத்தில் ஏறி நின்றது. பாட்டில் தண்ணீரைப் பின் சக்கரத்தில் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி ‘சுர்’ரென்றது.

டோ வண்டி பிடித்து ஆஸ்டின் டவுனில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷமாக அம்பாசடர் வேலை பார்த்தவர். வண்டியைத் தூக்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பி, கார்ல யார் யார் வந்தீங்க?” என்று கேட்டார். நான் மட்டும் என்றேன். “நல்லது” என்றார்.

டிஸ்க்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்தார். நடுக்குடத்தில் குறைந்தபட்ச தடிமன் 18 மில்லிமீட்டர் என்று வார்ப்பிலேயே பொறித்திருந்தது. இது பெரும்பாலான டிஸ்க்கிலும் இருக்கும், நீங்களும் பார்க்கலாம். தடிமன் அளக்கும் வெர்னியரை என் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னார். 17.2. ‘புது இம்போர்ட்டட் டிஸ்க்’ என்று எனக்குச் சொன்னது, யாரோ தூக்கிப் போட்டதை லேத்தில் கடைந்து மினுக்கியது.

கருகியதற்குக் காரணம் மாஸ்டர் சிலிண்டர். ஏதோ டிரம் பிரேக் வண்டியிலிருந்து கழற்றிக் கறுப்பு அடித்தது. பல பழைய டிரம் வண்டிகளில் அதற்குள் ஒரு குட்டி வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் பைப்பில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்குள் உரசி நிறுத்தும் ஷூவைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் தொந்தரவில்லை. டிஸ்க் காலிப்பரில் அப்படி இழுக்க ஆளில்லை, டிஸ்க்கை அழுத்தும் பேட் உரசிக்கொண்டே ஓடும். கல் பெடலுக்கும் அதே சிலிண்டர்தான் காரணம், துளை பெரிசு. முக்கால் அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டில் ஏழு பங்கு (7/8) அங்குலம் வந்தால், அதே மிதிக்கு அழுத்தம் கால்வாசி குறைந்துவிடும். பைப்பிலிருந்து பிரேக் ஆயிலை வடித்தபோது (பிளீட்) வெளியே வந்த ஆயில் டிகாக்‌ஷன் நிறம். டாட் 4 என்ற ரகத்துப் புது பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு 155-க்கே கொதிக்கும். இது எந்தக் காலத்து ஆயிலோ. கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகாமல் என்ன செய்யும்?

ஹேண்ட் பிரேக் விஷயம் இன்னும் அழகு. பின்னால் போட்ட காலிப்பரில் ஹேண்ட் பிரேக்குக்கான அமைப்பே கிடையாது. கேபிளைச் சுருட்டி ஆக்ஸிலில் கட்டுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். நான் இதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் கலங்குகிறது.

‘லோயரிங் ஸ்பிரிங்’ என்று வண்டியைத் தாழ்த்தப் போட்டது என் பழைய காயில் ஸ்பிரிங்கேதான், கேஸ் கட்டரில் ஒன்றரைச் சுற்று அறுத்தது. அறுத்த முனையில் நீலம் பாரித்திருந்தது. அந்தச் சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும் என்றார் பெரியவர். வண்டி தாழ்ந்ததும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் நிற்கும் கோணம் மாறிவிட்டது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தானே திரும்புகிறது. நான் மேம்பாலத்தில் உணர்ந்தது அதைத்தான். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் என்று போட்டது ஏதோ சின்னக் காரிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் தண்டு. அதற்கு வேகம் எவ்வளவு என்ற சிக்னல் கொடுக்கவே இல்லை, அதனால் பார்க்கிங்கிலும் 80-லும் ஒரே லேசு. ஷாஃப்டை வெட்டி, வெளியே குழாய்கூடப் போடாமல், முனைக்கு முனை வெல்டிங் வைத்திருந்தார்கள். பெரியவர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டுக்கு வெல்டிங் கீறியது.

திரும்பப் போய்க் கேட்டபோது முதலாளி கோபப்படவே இல்லை. “பழைய வண்டின்னா அப்படித்தான் சார். ஒரே ஊர்க்காரங்க, நமக்குள்ள இதெல்லாம் பேசலாமா?” பணத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் கன்னடத்துக்கு மாறிவிட்டார்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். என்னிடம் பில் இல்லாததால் யுபிஐ ரசீதும் வாட்ஸப் பேச்சும்தான் ஆதாரம். நீங்கள் அந்த நிலைக்குப் போகாதீர்கள். சாமானின் பெட்டியைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம், கழற்றியதை ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் இருக்கிறது. கம்பெனி அமைப்பை மாற்றிவிட்டு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கிளறுவார். எனக்கு இதையும் யாரும் சொல்லவில்லை.

இப்போது பெரியவர் பழையபடி பின்னால் டிரம், முன்னால் சரியான அளவு டிஸ்க், புது மாஸ்டர் சிலிண்டர் என்று கட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்டியரிங் மறுபடி கனம்தான், இருக்கட்டும். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு முழுக்க அலசியும் இடது பின் டிரம்மின் பேக் பிளேட் (ஷூவைத் தாங்கும் பின்தகடு) மட்டும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.