கர்னல் மாறினாலும் ஓட வேண்டும்: விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம்

லினக்ஸ் கணினிக்குள் மென்பொருளால் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸையோ வேறொரு லினக்ஸையோ ஓட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், கேவிஎம் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேடிப் போகிறார்கள். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் கேவிஎம்முக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. செயலியில் உள்ள மெய்நிகராக்க வசதியைத்தான் மூன்றுமே பயன்படுத்துகின்றன. அன்றாட வேலையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையும் இப்போது தடையில்லை. வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 மே மாதம் சொந்தப் பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசமானது. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள். கூடுதல் வசதிகளைத் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு மட்டும் தனி உரிமம் உண்டு, அலுவலகத்தில் பயன்படுத்துவோர் அதைப் படித்துவிடுவது நல்லது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வெளியிலிருந்து தங்கள் மாட்யூல்களை, அதாவது கர்னலோடு இணையும் நிரல் துண்டுகளை, கொண்டுவருகின்றன. லினக்ஸ் கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவற்றை மூல நிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். இதற்கென்றே உள்ள டிகேஎம்எஸ் என்ற கருவி இருந்தால் அது தானாகவே நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் கர்னலின் உள் அமைப்பு மாறி, மாட்யூலின் நிரல் அதற்கேற்ப மாறாமல் இருந்தால் கம்பைல் பாதியில் நின்றுவிடும். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு வேலையும் சேரும்: மாட்யூலுக்கு நாமே கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினி தொடங்கும்போது வரும் நீலத் திரையில் பதிவு செய்ய வேண்டும்.

2024 நவம்பரில் வந்த 6.12 கர்னல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கேவிஎம் மாட்யூல் ஏற்றப்பட்டவுடனேயே செயலியின் மெய்நிகராக்க வசதியைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். அதன் விளைவாக, நேற்றுவரை ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ் மெய்நிகர் கணினிகள் பலருக்கும் தொடங்க மறுத்தன. கேவிஎம் மாட்யூலைக் கர்னலிலிருந்து நீக்கினாலோ, கர்னலுக்கு ஓர் அளவுருவைக் கொடுத்தாலோ சரியாகிவிடும். ஆனால் அவசர வேலைக்காகக் கணினியைத் திறப்பவர் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேவிஎம் 2007-இல் 2.6.20 பதிப்பிலேயே லினக்ஸ் கர்னலுக்குள் வந்துவிட்டது. கர்னலை மாற்றுபவர்கள் அதையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். கையொப்பமும் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. புதுப்பித்து மறுதொடக்கம் செய்தால் போதும், வேறு வேலையில்லை.

அதன் மேலே இயங்கி, மெய்நிகர் கணினிக்கு வன்பொருளை உருவாக்கிக் காட்டும் கியூஎமு புதுப்பிக்கப்படும்போதும் எனக்குப் பிடித்த ஓர் ஒழுங்கு இருக்கிறது. இவற்றை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் ஒரு மெய்நிகர் கணினியின் அமைப்புகள் அடங்கிய எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘பிசி-கியூ35-8.2’ என்பதுபோல இயந்திர வகையும் பதிப்பு எண்ணும் அதில் பதிவாகியிருக்கும். கியூஎமு 9-க்குப் போனாலும் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு அதே 8.2 வன்பொருள்தான் காட்டப்படும். மதர்போர்டு மாறிவிட்டதாக அது நினைப்பதில்லை. விஎம்வேரிலும் வன்பொருள் பதிப்பு என்ற இதே ஏற்பாடு உண்டு. நாமாக உயர்த்தும்வரை அது மாறாது, உயர்த்திவிட்டால் பழைய வொர்க்ஸ்டேஷனில் திறக்காது. எந்த மென்பொருளானாலும் புதுப்பிக்கும் முன் உள்ளிருக்கும் கணினியை முழுமையாக அணைத்துவிடுங்கள். உறைநிலையில் சேமித்து வைத்ததைப் புதிய பதிப்பு ஏற்காமல் போகலாம்.

கேவிஎம்மின் குறைகளையும் சொல்ல வேண்டும். கோப்புறையைப் பகிர்வது, யுஎஸ்பி இணைப்பது போன்றவற்றில் விர்ச்சுவல்பாக்ஸ் மிக எளிது. புதியவருக்கு நான் இன்றும் அதைத்தான் காட்டுவேன். விண்டோஸுக்குள் முப்பரிமாண வரைகலை வேண்டுமென்றால் விஎம்வேர் முன்னே நிற்கிறது. விளையாட்டுகளை இப்படி ஓட்டிய அனுபவம் எனக்கு அதிகம் இல்லை. ஆகவே அதில் என் சொல்லைக் கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டாம். அடிப்படை இயங்குதளமே விண்டோஸ் என்றால் கேவிஎம் பட்டியலிலேயே இல்லை. அங்கே விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி இயங்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழே பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால், அது வேகம் குறைந்து ஓடுகிறது என்று பொருள்.

கேவிஎம்முக்கு மாறுவதென்று முடிவு செய்தால் முதலில் ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது இடையிடையே சேமித்த நிலைகளை, ஒன்றிணையுங்கள். இல்லாவிட்டால் பழைய நிலையில் உள்ள வட்டு மட்டுமே மாறி வரும். பிறகு கியூஎமுவோடு வரும் வட்டு மாற்றும் கருவியால் வட்டை அதன் சொந்த வடிவமான கியூகவ்2-க்கு மாற்றலாம். விண்டோஸ் வட்டை எடுத்த எடுப்பில், மெய்நிகர் கணினிகளுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ இணைப்பில் சேர்த்தால் நீலப் பிழைத் திரைதான் வரும். முதலில் வழக்கமான சாட்டா வட்டாக இணைத்துத் தொடங்குங்கள். கூடவே ஒரு சிறிய காலி வட்டை விர்ட்ஐஓவில் சேர்த்து, அதற்கான டிரைவரை நிறுவுங்கள். அதன்பின் முதன்மை வட்டையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றி, அது சரியாகத் தொடங்குவதைப் பார்த்த பிறகே பழைய வட்டுக் கோப்பை அழியுங்கள்.